தண்டவாளம் வந்தது, வண்டி எங்கே?

தவக்காலத்தில் பங்கின் இல்லங்களைச் சந்திக்கச் செல்வது குருக்களாகிய எங்களுடைய கடமை. அவ்வாறு ஒட்டன்சத்திரத்தில் இருப்புப்பாதையை அடுத்துள்ள ஓர் எளிய இல்லத்திற்கு ஒரு மாலைப்பொழுதில் சென்றிருந்தேன். புதுநன்மை வாங்க ஆயத்தமாகி வந்த ஒன்பது வயதுச் சிறுமி வாசலில் அமர்ந்து மறைக்கல்விப் பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். “அப்பா எங்கேம்மா?” என்று வினவினேன்.

“அப்பா கோயம்புத்தூர்ல பட்டறையில இருக்காங்க சாமி. சனிக்கிழமை ராத்திரி நான் தூங்கினப்புறம் வருவாங்க. ஞாயித்துக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள கிளம்பிருவாங்க” என்றாள்.

உள்ளிருந்து தாய் வந்தார். அவர் குறை கூறும் குரலில் பேசவில்லை, கணக்குச் சொல்வதைப் போலவே சொன்னார்: “திங்கட்கிழமை எட்டு மணிக்கு வேலையில நிக்கணும் சாமி. பஸ்ஸுல நின்னுக்கிட்டே போய், மறுநாள் மிஷின்ல நிக்கிறது கஷ்டம்னு முந்தின நாளே போயிடுறாரு. விடியக்காலத்துல இங்க ஏறினா வேலைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ற மாதிரி ஒரு ரயில் இருந்தா, ஞாயித்துக்கிழமை ராத்திரி பிள்ளையோட இருப்பாரு. அது ஒண்ணுதான்.”

அவ்வில்லத்தின் பின்வாசலில் நின்றால் தண்டவாளம் தெரிகிறது. அகன்ற, உறுதியான, புத்தம் புதிய தண்டவாளம். அதன் மேலே மின்கம்பிகள். வீட்டின் பின்புறத்தில் கோயம்புத்தூருக்குச் செல்லும் பாதை இருக்கிறது. ஆயினும் அவ்வீட்டுத் தலைவர் பேருந்தில் நின்றுகொண்டு செல்கிறார். இந்த முரண்பாட்டைப் பற்றியே இம்மாதம் எழுத விழைகிறேன்.

இரயிலுக்கும் ஆன்மீகத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்களுள் சிலர் வினவக்கூடும். இது குடும்பங்களுக்கான இதழ். தந்தை உடனிருக்கும் நேரத்தைக் குறைப்பது எதுவாயினும், அது குடும்பத்தின் பிரச்சினையே. ஆகவே திருச்சபையின் பிரச்சினையும் ஆகும்.

பாதையின் கதை

திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலைப்பேட்டை வழியாகப் பொள்ளாச்சி செல்லும் இருப்புப்பாதை 1928-ஆம் ஆண்டில் தென்னிந்திய இரயில்வேக் கம்பெனியின் காலத்தில் திறக்கப்பட்டது. அது மீட்டர் கேஜ் என்னும் குறுகிய பாதை. வேகம் குறைவே. எனினும் கோவைக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே நேர் வண்டி ஓடியது. திண்டுக்கல்லுக்கும் கோவைக்கும் இடையே பாசஞ்சர் வண்டிகள் ஓடின. காய்கறிக் கூடையுடன் ஏறும் பெண்களும், கல்லூரி மாணவரும், பழனிக்குச் செல்லும் பாதயாத்திரையில் களைத்துத் திரும்பும் அடியாரும், மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளிகளும் ஒரே பெட்டியில் தோளோடு தோள் அமர்ந்து சென்ற காட்சியை, என் போன்று ஐம்பது வயதைக் கடந்தோர் மறந்திருக்க மாட்டோம்.

பின்னர் அகலப்பாதைப் பணி தொடங்கியது, வண்டிகள் நிறுத்தப்பட்டன. “இன்னும் சிறிது காலம் பொறுத்துக்கொள்ளுங்கள், பெரிய வண்டிகள் வரும்” என்று மக்கள் தமக்குள் ஆறுதல் கூறிக்கொண்டனர். முதலில் திண்டுக்கல்–பழனிப் பகுதியும், 2015-இல் பழனி–பொள்ளாச்சிப் பகுதியும், 2017-இல் பொள்ளாச்சி–போத்தனூர்ப் பகுதியும் திறக்கப்பட்டன. அதன் பின் மின்மயமாக்கலும் நிறைவேறியது. மக்களின் வரிப்பணம் பல நூறு கோடி இப்பாதையில் இடப்பட்டுள்ளது. இதனை நன்றியோடு ஒப்புக்கொள்வதே நேர்மை.

ஆனால் பாதை வந்த அளவுக்கு வண்டி வரவில்லை. சென்னையிலிருந்து பாலக்காடு செல்லும் விரைவு வண்டி, திருவனந்தபுரம் செல்லும் அமிர்தா விரைவு வண்டி, பாலக்காடு–திருச்செந்தூர் வண்டி, மதுரை–கோவை வண்டி என்று அன்றாடம் இவ்வழியே ஓடுபவற்றை ஒரு கை விரல்களிலேயே எண்ணிவிடலாம். இவற்றுள் நம்மூர்த் தொழிலாளிக்குக் கோவையோடு நேர்த் தொடர்பு தரும் அன்றாட வண்டி காலையில் மதுரையிலிருந்து புறப்பட்டு, நண்பகல் வேளையில் கோவையை அடைகிறது. பிற்பகலில் அங்கிருந்து திரும்புகிறது. உறவினரைக் காணச் செல்வோருக்கு அது நல்ல வண்டி. எட்டு மணிக்கு ஆலையில் நிற்க வேண்டியவருக்கோ, ஆறு மணிக்கு வேலை முடிந்து வருபவருக்கோ அதனால் பயனில்லை. இரவில் கடந்து செல்லும் வாராந்திர வண்டி ஒன்றும் உண்டு. ஆனால் வாரம் ஒரு வண்டியில் ஊரே ஏறிவிட இயலுமா?

கிணறு வெட்டி, சுவரும் எழுப்பி, கப்பியும் மாட்டிவிட்டு, கயிறும் வாளியும் வாங்கப் பணமில்லை என்று சொன்னால் ஊரார் என்ன சொல்வர்? நம் பாதையின் நிலை அதுவே.

வண்டி ஏன் இல்லை?

காரணங்களை நிதானமாக ஆராய்வோம். பெட்டித் தொடர்கள் போதவில்லை. ஓட்டுநரும் காவலரும் போதவில்லை. இது ஒற்றைப் பாதையாதலால் எதிரெதிரே வரும் வண்டிகள் நிலையங்களில் ஒதுங்கித்தான் கடக்க வேண்டும். இவை உண்மையான இடர்களே. இவற்றோடு நிர்வாக எல்லைகளும் சேர்ந்துகொள்கின்றன. ஒட்டன்சத்திரமும் பழனியும் மதுரைக் கோட்டத்தைச் சேர்ந்தவை. பொள்ளாச்சியும் போத்தனூரும் பாலக்காட்டுக் கோட்டத்தைச் சேர்ந்தவை. கோவைச் சந்திப்போ 2007-இல் உருவான சேலம் கோட்டத்தில் உள்ளது. திண்டுக்கல்லில் புறப்படும் ஒரு சிறு வண்டி கோவையை அடைவதற்குள் மூன்று கோட்டங்களைக் கடக்கிறது. மூன்று வீட்டுக்குப் பொதுவான பிள்ளைக்கு எந்த வீட்டிலும் சோறு வைப்பதில்லை என்பார்களே, அக்கதைதான்.

ஆயினும் இவ்விடர்கள் கடக்க இயலாதவை அல்ல. அண்மை ஆண்டுகளில் பண்டிகைக் காலங்களில் கோவைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே முன்பதிவற்ற சிறப்பு மெமு வண்டிகள் ஓடியதுண்டு. தீபாவளிக்கு ஓட முடிந்த வண்டி, திங்கட்கிழமைக்கும் ஓட முடியும் அன்றோ?

ஏழையின் பத்து ரூபாய்

2020 மார்ச் மாதத்தில் கொள்ளைநோயின் காரணமாக நாடெங்கும் பயணிகள் வண்டிகள் நிறுத்தப்பட்டன. மீண்டும் அவை ஓடத் தொடங்கியபோது பாசஞ்சர் என்ற பெயர் மறைந்து, சிறப்பு விரைவு வண்டி என்ற பெயர் வந்தது. வண்டி அதே வண்டி. வேகமும் ஏறத்தாழ அதே வேகம். கட்டணம் மட்டும் மாறியது. குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாயிற்று. 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் மீண்டது. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள்!

இருபது ரூபாய் வேறுபாடு பெரிதா என்று வசதியுள்ளோர் கேட்கலாம். போக வர நாளொன்றுக்கு 40 ரூபாய். மாதம் 25 நாள்களுக்கு 1,000 ரூபாய். ஆயிரம் ரூபாய் என்பது ஓர் எளிய குடும்பத்தின் பால் செலவு. அல்லது பிள்ளையின் நோட்டுப் புத்தகச் செலவு. 2021 மே மாதம் முதல் தமிழக அரசு சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் அளித்து வருகிறது. அதனால் மிஞ்சும் தொகையைச் சேர்த்துச் சீட்டுக் கட்டும் தாய்மார்கள் நம் பங்கிலேயே உண்டு. பயணச் செலவு குறைந்தால் குடும்பம் நிமிர்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

கொள்ளைநோய்க்கு முன்னர், 2018-19-இல், இந்திய இரயில்களில் ஏறத்தாழ 840 கோடிப் பயணங்கள் மேற்கொள்ளப்பட்டன. 2023-24-இல் அந்த எண்ணிக்கை 700 கோடிக்கும் குறைவு. மக்கள்தொகை பெருகியிருக்க, பயணம் ஏன் குறைந்தது? முன்பதிவு செய்து நெடுந்தூரம் செல்வோர் குறையவில்லை. குறைந்தவர்கள் புறநகர் வண்டியிலும் முன்பதிவில்லாப் பெட்டியிலும் சிறு தூரம் செல்லும் எளியோரே. அவர்கள் பயணத்தை விட்டுவிடவில்லை. பேருந்துக்கும் கடன் வாங்கிய இரு சக்கர வண்டிக்கும் மாறினர்.

பணம் எங்கே செல்கிறது?

“பயணிகள் வண்டியால் இழப்பு, எனவே வண்டி விட இயலாது” என்பது எப்போதும் கேட்கும் மறுமொழி. இழப்பு உண்மையே. பயணச் செலவில் 57 விழுக்காடு மட்டுமே கட்டணமாகத் திரும்புகிறது என்று பயணச்சீட்டுகளிலேயே இரயில்வே அச்சிட்டு வந்தது. 2022-23-இல் நூறு ரூபாய் ஈட்டுவதற்கு ஏறத்தாழ 98 ரூபாய் செலவாயிற்று. சரக்கு வண்டியின் வருவாயைக் கொண்டே பயணிகள் வண்டியின் பள்ளத்தை நிரப்புகின்றனர்.

ஆயினும் பணமே இல்லை என்பது முழு உண்மையன்று. 2024-25-ஆம் ஆண்டு மத்திய வரவு-செலவுத் திட்டத்தில் இரயில்வேயின் மூலதனப் பணிகளுக்கு ஏறத்தாழ 2.5 இலட்சம் கோடி ரூபாய் வழங்கப்பட்டது. தமிழ்நாட்டுக்கு 6,362 கோடி என்று அறிவிக்கப்பட்டது. 2009 முதல் 2014 வரை ஆண்டுதோறும் சராசரியாக 879 கோடியே கிடைத்தது என்பதையும் அமைச்சகம் சுட்டிக்காட்டியது. ஆகவே தொகை பெருகியிருக்கிறது. அத்தொகை யாரைச் சென்றடைகிறது என்பதே நாம் எழுப்ப வேண்டிய வினா. நம் வட்டாரம் நெடுங்காலமாக எதிர்நோக்கும் ஈரோடு–பழனி புதிய பாதைக்குச் சில ஆண்டுகளில் வெறும் 1,000 ரூபாய் ஒதுக்கியதையும் கண்டோம். திட்டம் சாகவில்லை என்று காட்டுவதற்கான ஒதுக்கீடாம் அது! மூச்சு இருக்கிறதா என்று பார்க்க மூக்கில் வைக்கும் பஞ்சைப் போன்றது.

2023 செப்டம்பர் 24 அன்று தொடங்கப்பெற்ற சென்னை–திருநெல்வேலி வந்தே பாரத் வண்டி நம் திண்டுக்கல்லில் நிற்கிறது. அழகிய வண்டி, தமிழ்நாட்டுத் தொழிலாளர் பெரம்பூர் தொழிற்சாலையில் உருவாக்கும் வண்டி. அதன் மீது எனக்கு மனக்கசப்பு எதுவும் இல்லை. செல்வருக்கும் நல்ல வண்டி வேண்டும். ஆனால் ஒரு குடும்பத்தில் மூத்த மகனுக்குப் பட்டாடை எடுத்த தந்தை, இளைய மகனுக்குக் கந்தையாவது தைத்துத் தர வேண்டாமா? பதினாறு பெட்டிகள் கொண்ட வந்தே பாரத் தொடர் ஒன்றின் விலை 100 கோடி ரூபாய்க்கு மேல். எளிய மெமு தொடருக்கு அத்துணைச் செலவில்லை. குளிர்வசதியற்ற 10,000 பெட்டிகள் கூடுதலாகச் செய்யப்படும் என்று 2024-இல் அரசு அறிவித்தது வரவேற்கத்தக்கது. அவை எந்தப் பாதைக்கு வரும் என்பதை இப்போதே கேட்டு வைப்பது நம் பொறுப்பு.

படிக்கட்டில் தொங்கும் உயிர்கள்

வண்டிப் பற்றாக்குறையால் விளைவது வசதிக்குறைவு மட்டுமன்று. 2018 ஜூலை 24 அன்று சென்னையில், புனித தோமையாரின் பெயரைத் தாங்கிய பரங்கிமலை நிலையத்தில் நிகழ்ந்ததை நினைவுகூர்வோம். மின்கம்பி அறுந்ததனால் புறநகர் வண்டிகள் தாமதமாயின. வந்த வண்டியில் கூட்டம் வழிந்தது. அது வழக்கமான பாதையை விட்டு விரைவுப் பாதையில் சென்றது. படிக்கட்டில் தொங்கிய இளைஞர்கள் நிலையத்துத் தடுப்புச் சுவரில் மோதி விழுந்து மாண்டனர். வேலைக்கும் கல்லூரிக்கும் புறப்பட்டுச் சென்ற பிள்ளைகள் அவர்கள்.

2025 ஜூன் 9 அன்று மும்பைக்கு அருகே மும்ப்ராவில், நெரிசல் மிக்க இரு புறநகர் வண்டிகள் வளைவில் ஒன்றையொன்று கடந்தபோது, வாசலில் தொங்கியோர் தண்டவாளத்தில் விழுந்து உயிரிழந்தனர். “ஏன் தொங்கினார்கள்?” என்று கேட்பது எளிது. அடுத்த வண்டிக்குக் காத்திருந்தால் அன்றைய கூலி போகும் என்பதே விடை. அந்தக் கூலியைக் கொண்டே அடுப்பு எரிகிறது.

சிற்றூரில் இக்கொடுமை வேறு உருவில் வருகிறது. இரயில் இல்லாதபோது இளைஞர் இரவில் இரு சக்கர வண்டியில் நெடுஞ்சாலையில் செல்கின்றனர். தூக்கக் கலக்கத்தில் விபத்துக்குள்ளாகி மாண்டோரின் அடக்கச் சடங்குகளை நிறைவேற்றாத பங்குத்தந்தை நம் மறைமாவட்டத்தில் இருப்பாரோ? அத்தகைய சவப்பெட்டியின் மீது தீர்த்தம் தெளிக்கும்போது, “ஒரு வண்டி இருந்திருந்தால்” என்ற எண்ணம் எனக்கு எழாமல் இருந்ததில்லை.

மூடிய பாதையின் பாடம்

வெளிநாட்டு நிகழ்ச்சி ஒன்றையும் இங்கே குறிப்பிடுவது பயன் தரும். 1963-இல் பிரிட்டனில் டாக்டர் பீச்சிங் என்பவர் அளித்த அறிக்கையின்படி, இழப்பு தரும் கிளைப்பாதைகள் பல மூடப்பட்டன. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரிலிருந்து எல்லைப்புற ஊர்கள் வழியே சென்ற பாதை 1969 ஜனவரியில் மூடப்பட்டது. கடைசி இரவில், நியூகாசில்டன் என்னும் சிற்றூரின் மக்கள் இரயில்வே கேட்டை மூடி வண்டியை மறித்தனர். அவ்வூர்ச் சபையின் போதகர் பிரைடன் மேபன் அவர்களோடு நின்றார். காவலர் அவரைக் கைது செய்தனர். அவ்வண்டியில் பயணம் செய்த நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் ஸ்டீல் நடுநின்று பேச, போதகர் விடுவிக்கப்பட்டார்; மக்களும் விலகினர்; வண்டி நகர்ந்தது.

அதன்பின் நாற்பத்தாறு ஆண்டுகள் அவ்வட்டாரத்துக்கு இரயிலே இல்லை. 2015 செப்டம்பரில், பெரும் பொருட்செலவில், அப்பாதையின் ஏறத்தாழ 48 கிலோமீட்டர் பகுதி மீண்டும் அமைக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. அவசரமாக மூடுவது எளிது. மீட்பதற்கு ஒரு தலைமுறை வேண்டும். நம் பாதை மூடப்படவில்லை என்பது மெய்யே. ஆனால் பயணிகளைப் பயன்படுத்த விடாமல் நேரத்தை அமைத்துவிட்டு, பிறகு “ஏறுவாரில்லை” என்று கணக்குக் காட்டுவதும் மெதுவாக மூடுவதே ஆகும்.

திருச்சபையின் மனம்

1965-இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டில் பொதுநலன் என்னும் கொள்கையை விரித்துரைத்தது. ஒவ்வொருவரும் மனிதருக்குரிய வாழ்வை எய்துவதற்கு வேண்டிய சமூகச் சூழல்களின் தொகுப்பே பொதுநலன். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ‘லவுதாத்தோ சீ’ என்னும் திருமடலில் பொதுப் போக்குவரத்தைப் பற்றியே எழுதியுள்ளார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. தனி ஊர்திகளின் பெருக்கம் நெரிசலையும் மாசையும் விளைவிக்கிறது. எனவே பொதுப் போக்குவரத்துக்கு முதலிடம் தருவது நன்று. ஆனால் கூட்டத்தாலும் வசதியின்மையாலும் குறைந்த வண்டிகளாலும் மக்கள் மாண்பின்றி நடத்தப்படும் நிலை மாறினாலன்றி அது கைகூடாது என்பது அவர்தம் கருத்து.

நாசரேத்தூர்த் திருக்குடும்பம் எருசலேம் விழாவுக்கு உறவினரோடும் ஊராரோடும் கூட்டமாகவே பயணம் செய்தது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் இயேசு அக்கூட்டத்தில் இருப்பார் என்று எண்ணியே மரியும் யோசேப்பும் ஒரு நாள் வழி நடந்தனர். வழியில் துணைவருவோர் மீது அத்துணை நம்பிக்கை! பொதுப் பயணம் மக்களை ஒன்று சேர்க்கிறது. நம் பழைய பாசஞ்சர் பெட்டியும் அவ்வாறே இருந்தது. அதில் சாதி கேட்டு யாரும் இடம் விட்டதில்லை.

எரிகோ செல்லும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் காணாமல் விலகிச் சென்றவர்களுள் முதல்வர் ஒரு குரு என்பதையும் நான் மறக்கவில்லை. ஆகவேதான் எழுதுகிறேன்.

நாம் செய்யக்கூடியவை

மறியல் செய்யுங்கள் என்று நான் கூற வரவில்லை. அமைதியாகவும் விடாமுயற்சியோடும் செய்யத்தக்கவை மூன்று உண்டு.

முதலாவது, பயணச்சீட்டு வாங்குவோம். ஒரு நிலையத்தில் வண்டி நிற்க வேண்டுமா என்பதை அந்நிலையத்தின் சீட்டு விற்பனையைக் கொண்டே பெரிதும் முடிவு செய்கின்றனர். சீட்டில்லாமல் ஏறுபவர் தம் ஊரின் வண்டியைத் தாமே திருடுகிறார். இது ஏழாம் கட்டளைக்கும் உரிய செய்தி என்பதை ஒப்புரவு அருள்சாதனத்திற்கு வருவோர் நினைவில் கொள்க.

இரண்டாவது, கணக்கெடுப்போம். ஒவ்வோர் அன்பியத்திலும் எத்தனை பேர் கோவைக்கும் மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் வேலைக்கோ படிப்புக்கோ செல்கின்றனர், எத்தனை மணிக்கு அங்கு இருக்க வேண்டும், இன்று எவ்வளவு செலவழிக்கின்றனர் என்று எழுதுவோம். “இரயில் வேண்டும்” என்னும் மனுவை அதிகாரிகள் அன்றாடம் காண்கின்றனர். “விடியற்காலையில் ஏற இத்தனை பேர் ஆயத்தம்” என்னும் பட்டியலை அவர்கள் எளிதில் ஒதுக்க இயலாது.

மூன்றாவது, தனித்துச் செல்லாதிருப்போம். வண்டி இல்லாத துன்பத்துக்கு மதம் இல்லை. காய்கறிச் சந்தை வணிகரும், சுமைதூக்கும் தொழிலாளரும், கோவில் பெரியோரும், பள்ளிவாசல் ஜமாஅத்தாரும், நம் பங்குப் பேரவையும் ஒரே மனுவில் கையெழுத்திட வேண்டும். இரயில்வேயில் பயணிகளின் ஆலோசனைக் குழுக்கள் உண்டு. நாடாளுமன்ற உறுப்பினர் உண்டு. மூன்று கோட்டங்களின் மேலாளர்களும் உண்டு. மூவருக்கும் ஒரே நாளில் ஒரே மனு செல்லட்டும். அப்போதுதான் ஒருவர் மற்றவரைச் சுட்டிக்காட்டித் தப்ப இயலாது.

நாம் கேட்பது பெரிதன்று. வேலை நேரத்துக்குக் கோவையைச் சேரும்படி அதிகாலையில் ஒரு வண்டி. வேலை முடிந்தபின் மாலையில் திரும்ப ஒரு வண்டி. ஏழை ஏறக்கூடிய கட்டணம். பாதை ஆயத்தம், மின்சாரம் ஆயத்தம், பயணிகளும் ஆயத்தம்.

அச்சிறுமி பாஸ்கா காலத்து ஞாயிறு ஒன்றில் புதுநன்மை வாங்கினாள். தந்தையும் உடனிருந்தார். திருப்பலி முடிந்து, உறவினர் உண்டு கலைந்து, நிழல் நீளத் தொடங்கியதும் அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். நான் ஆலய வாசலில் நின்றிருந்தேன். வெள்ளை உடையும் தலையில் மலர்முடியுமாக அக்குழந்தை, தந்தையின் விரலைப் பிடித்துக்கொண்டு பேருந்து நிலையத்தை நோக்கி நடந்தாள். வழியில் இரயில்வே கேட் திறந்தே கிடந்தது. மூடுவதற்கு அந்நேரம் வண்டி எதுவும் இல்லை.